நேரத்துக்கு வருகிறவன் எழுதிய பரிந்துரைக் கடிதம்

நான் படித்த கால்நடை மருத்துவக் கல்லூரியின் பழைய மாணவர் சங்கம் ஒரு மலர் கொண்டுவருகிறது. அதற்கு என்னிடம் ஆங்கிலத்தில் கட்டுரை கேட்டார்கள். தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள்: 'பன்னாட்டுப் பணிக்கும் தலைமைப் பொறுப்புக்கும் மாணவர்களைத் தயார் செய்தல்'.

போனில் கேட்ட இளம் டாக்டரிடம், "தம்பி, நான் ரயிலேறிப் போன பெரிய பிரயாணமே பங்காருபேட்டை தாண்டி பெங்களூரு வரைக்கும்தான். என்னையா கேக்கறீங்க?" என்றேன்.

"சார், உங்க ஆஸ்பத்திரியில ட்ரெய்னிங் எடுத்த மூணு பேரு ஃபாரின்ல இருக்காங்க சார். நீங்கதானே ரெடி பண்ணீங்க?"

ரெடி பண்ணினேனாம். சரி என்று இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். அதில் ஒரு பொய் கிடையாது. உண்மையும் கிடையாது. அங்கே எழுத முடியாததை இங்கே தமிழில் எழுதுகிறேன். சுருக்கமாகச் சொன்னால் இவ்வளவுதான்: அந்த மூன்று பேர் மேலும் எனக்குப் பொறாமை. அதில் ஒருத்தி மேல் கொஞ்சம் அதிகம்.

என்னிடமும் பாஸ்போர்ட் இருக்கிறது. காலாவதியாக விட்டதே இல்லை. ஒவ்வொரு முறையும் தவறாமல் புதுப்பிக்கிறேன். கடைசி முறை விசாரணைக்கு வந்த போலீஸ்காரர் பழைய பாஸ்போர்ட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை புரட்டிவிட்டு, "இன்னா டாக்டர், ஒரு முத்திரைகூட இல்லியே. பாக்கவே பாவமா கீது. ஸ்டேஷன் சீலு ஒண்ணு குத்தட்டா?" என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு இரண்டு நொடி ஆனது.

நான் தங்கச் சுரங்க ஊரில், நந்திதுர்க் லைன் என்ற தொழிலாளர் குடியிருப்பில் பிறந்தவன். அப்பா சுரங்க மில்லில், சயனைடு பகுதியில் வேலை பார்த்தார். அரைத்த கல்லிலிருந்து தங்கத்தைப் பிரிக்கச் சயனைடு. பிரித்த பிறகு மிஞ்சுகிற மண்ணைக் கொட்டிக் கொட்டித்தான் எங்கள் ஊரில் மலை மலையாகச் சயனைடு மேடுகள். மற்ற வீடுகளில் பிள்ளைகளுக்குப் பேயைச் சொல்லிப் பயம் காட்டுவார்கள். எங்கள் வீட்டில் சயனைடு. அது எப்படி மூச்சைப் பிடிக்கும், எத்தனை நிமிடத்தில் முடிக்கும் என்று சோறு பிசைந்தபடியே அப்பா சொல்வார். ஆகவே நான் பெங்களூரில் மாட்டு டாக்டருக்குப் படிக்கப் போனபோது, நஞ்சுகள் பற்றிய பாடத்தில் ஒரு அத்தியாயத்தை மட்டும் புத்தகம் திறக்காமலே எழுதினேன். மீதி அத்தியாயங்களைப் புத்தகம் திறந்தும் எழுதவில்லை. எப்படியோ டாக்டர் ஆகிவிட்டேன்.

முதல் வேலை கோலார் பக்கம் ஒரு தாலுகா ஆஸ்பத்திரி. அங்கே தலைமை மருத்துவரை எல்லாரும் பெரிய டாக்டர் என்றே சொல்வார்கள். கன்னடக்காரர். உயரமாக, ஒல்லியாக, தோளில் ஒரு வெள்ளைத் துண்டோடு இருப்பார். அவரிடம் ஒரு முறை உண்டு. நோயாளி மாட்டைக் கொண்டுவந்து நிறுத்தினால் உடனே தொட மாட்டார். கையிரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு மூன்று சுற்று வருவார். முதல் சுற்று பத்தடி தள்ளி. மாடு எப்படி நிற்கிறது, எந்தக் காலில் பாரம் போடுகிறது என்று. இரண்டாவது சுற்றில் மாட்டைப் பார்க்கவே மாட்டார். தரையைப் பார்ப்பார்: சாணி, மூத்திரம், வாயிலிருந்து விழுந்த புல், கொண்டுவந்தவன் செருப்பில் ஒட்டியிருக்கிற மண். மூன்றாவது சுற்றில் விலாப்பக்கம் நின்று, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி முழு ஒரு நிமிடம் மூச்சை எண்ணுவார். அதன் பிறகு கண் இமையைக் கீழே இழுத்து உள்நிறம் பார்ப்பார். அப்புறம் என் பக்கம் திரும்பிக் கன்னடத்தில் ஒரே கேள்வி கேட்பார்.

"ஏனு நோடிதெ?"

என்ன பார்த்தாய்? நான் உடனே, "காய்ச்சல் சார், நிமோனியா மாதிரி..." என்று ஆரம்பிப்பேன்.

"நினைச்சதைக் கேக்கலப்பா. பார்த்ததைக் கேட்டேன்."

மறுபடி என்னைச் சுற்ற விடுவார். மாட்டுக்காரன் சிரிப்பான். எனக்கென்னவோ மாடும் சிரித்த மாதிரி இருக்கும். அந்த ஆஸ்பத்திரியில் நான் சுற்றிய சுற்றுகளை நீட்டிப் போட்டிருந்தால் வெளிநாடு போய்ச் சேர்ந்திருப்பேன்.

வெளிநாடு என்ற ஆசை அப்போதுதான் முற்றியது. அயல்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு மேல்படிப்புக்கு விண்ணப்பம் போட்டேன். மேலதிகாரியின் பரிந்துரைக் கடிதம் தேவை, உறையில் ஒட்டிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். பெரிய டாக்டர் எழுதி, ஒட்டி, ஒட்டின இடத்தில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். இடம் கிடைக்கவில்லை. சில வருடம் கழித்து அவர் ஓய்வு பெற்றார். பழைய கோப்புகளை ஒழுங்குபண்ணும் வேலை எனக்கு வந்தது. அதில் அந்தக் கடிதத்தின் கார்பன் நகல் இருந்தது. மொத்தம் இரண்டே வாக்கியம். 'இவர் நேரத்துக்கு வருவார். பிராணிகளிடம் அன்பாக நடந்துகொள்வார்.'

அவ்வளவுதான். ஒரு காவலாளிக்குக்கூட இதைவிட நீளமாக எழுதுவார்கள். கிழவருக்கு என் மேல் பொறாமை என்று அன்றைக்கு முடிவு கட்டினேன். முப்பது வருடம் அந்த முடிவைக் கீழே விழாமல் காப்பாற்றினேன்.

பிறகு எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கே மாற்றலாகி வந்து, நானே பெரிய டாக்டர் ஆனேன். ஒவ்வொரு வருடமும் கல்லூரியிலிருந்து கடைசி வருடப் பிள்ளைகள் சில வாரப் பயிற்சிக்கு என்னிடம் வருவார்கள். எங்கள் காலத்துப் பிள்ளைகளுக்கு அரசாங்க வேலைதான் மோட்சம். இவர்கள் கையில் போனை வைத்துக்கொண்டு எந்த நாட்டில் என்ன பரீட்சை, எந்த மாதம் என்று விரல் நுனியில் சொன்னார்கள். கல்லூரியும் சும்மா இருக்கவில்லை. தலைமைப் பண்பு பற்றி வகுப்பெடுக்க ஒருவரை அனுப்பியது. அவர் என்னையும் பெஞ்சில் உட்காரவைத்து, "இன்னும் அஞ்சு வருஷத்துல உங்களை நீங்க எங்க பாக்கறீங்க சார்?" என்று கேட்டார். "பென்ஷன் ஆபீஸ் க்யூவுல" என்றேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். அவர் என்னை மறுபடி எதுவும் கேட்கவில்லை.

மாதிரி நேர்காணலில் வெளிநாட்டுப் பேராசிரியராக நடிப்பது என் வேலை. வெளிநாட்டையே பார்க்காதவனுக்கு அந்த வேடம். மூக்கால் ஆங்கிலம் பேசுவேன். தேநீர் வேளையில் பெரிய டாக்டரையும் நடித்துக் காட்டுவேன். தோளில் துண்டு, முதுகில் கை, மூன்று சுற்று, 'ஏனு நோடிதெ?' பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். எங்கள் உதவியாளர் மாரியண்ணன் மாடாக நின்று ஒத்துழைப்பார். கிண்டல் பண்ணத்தான் அந்த மூன்று சுற்றை நான் வைத்திருந்தேனே தவிர, வேலையில் அதை எப்போதோ விட்டுவிட்டேன். ஊர்க்காரனுக்கு எதற்கு மூன்று சுற்று? மாடு எந்தத் தெருவிலிருந்து வருகிறது என்று கேட்டாலே பாதி நோய் தெரிந்துவிடும் என்ற தெம்பு.

முதலில் ஒருவன் கனடா போனான். பனியில் நின்று போட்டோ அனுப்புவான். அந்த ஊர்த் தட்பவெப்பத்தை என் போனில் பார்ப்பேன். சைபருக்குக் கீழே இருபது என்றால் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு நன்றாக இறங்கும். அடுத்தவன் நியூசிலாந்து. மந்தை மந்தையாக ஆடுகளுக்கு நடுவே சிரித்துக்கொண்டு நின்றான். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, 'மூன்றாவது வரிசையில் ஒரு ஆடு நொண்டுகிறது, கவனி' என்று பதில் போட்டேன். அதுவும் இரண்டு நாள் கழித்து. உடனே போட்டால் நான் வேலையில்லாமல் இருக்கிறேன் என்று நினைத்துவிட மாட்டானா?

மூன்றாவதாக வந்தவள் கிருத்திகா. அப்பாவுக்கு எங்கள் ஊர் இயந்திரத் தொழிற்சாலையில் வேலை. குள்ளமான பெண், பெரிய கண்ணாடி. கேள்வி கேட்டால் பதில் சொல்வதற்கு முன் கொஞ்சம் யோசிப்பாள். எனக்கு அந்தப் பழக்கம் இல்லாததால் அது எரிச்சலாக இருந்தது. நான் பெரிய டாக்டரை நடித்துக் காட்டியபோது எல்லாரும் சிரிக்க, இவள் மட்டும் நோட்டில் எதையோ எழுதினாள். "இன்னாம்மா எழுதற?" என்றேன். "ரெண்டாவது ரவுண்டுல கிரவுண்டை மட்டும் பாக்கணும்னு சொன்னீங்கல்ல சார். அதைத்தான்." ஜோக்கை நோட்டில் எழுதுகிறவளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

என் மேஜைக்குப் பின்னால் ஒரு சிவப்புத் தகர டப்பா எப்போதும் இருக்கும். பழைய பிஸ்கட் டப்பாவுக்கு நானே பெயின்ட் அடித்தது. உள்ளே சயனைடு முறிவு மருந்துகள் இரண்டு: சோடியம் நைட்ரைட், சோடியம் தயோசல்பேட். வேறு எந்த ஆஸ்பத்திரியிலும் இப்படித் தயாராக இருக்காது என்று வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் காட்டிப் பெருமையடிப்பேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின வருடம் அது. நீண்ட வறட்சிக்குப் பிறகு நல்ல மழை பெய்த வாரம். காலை ஒன்பது மணி இருக்கும். எங்கள் ஊர்ப் பாலகாட் பகுதியில் மாடு வைத்துப் பால் ஊற்றுகிற லோகநாயகி ஆட்டோவில் வந்து இறங்கி ஓடிவந்தாள்.

"சார், சீக்கிரம் வாங்க சார்! மாடுங்கோ எல்லாம் தள்ளாடிக்கினு வுழுவுது. ரெண்டு பூடுச்சு சார்!"

"எங்க கட்டியிருந்தே?"

"டம்ப்பு பக்கத்துல மேயறதுக்கு வுட்டேன்."

டம்ப்பு என்றால் சயனைடு மேடு. எனக்கு அது போதும். டப்பாவை எடுத்துக்கொண்டேன். கிருத்திகாவும் இன்னும் இரண்டு மாணவர்களும் மாரியண்ணனும் ஜீப்பில் ஏறினார்கள். போகிற வழியெல்லாம் அப்பா சொன்ன கதையைச் சொன்னேன். "பத்து வருஷ சர்வீஸ்ல ஒரு டாக்டர் ஒரு தடவ பாக்கறதே அபூர்வம். நீங்க குடுத்து வெச்சவங்க" என்றேன். செத்த மாடுகளை வைத்துக்கொண்டு பேசுகிற பேச்சா அது?

ஏழு மாடு. இரண்டு செத்துக் கிடந்தன. மூன்று விழுந்து கிடந்தன. இரண்டு கால் பரப்பி நடுங்கிக்கொண்டு நின்றன. வாயைத் திறந்து மூச்சுக்குத் தவித்தன. பின்னால் மேடு, ஊரே பார்த்து வளர்ந்த அந்தச் சாம்பல் நிற மேடு. ஜனம் கூடிவிட்டது. "சயனைடுதான் சார்" என்று நாலு பேர். "தெரியும், தள்ளு" என்று நான்.

ஒரு சுற்றுகூடச் சுற்றவில்லை. நேராகப் போய் மண்டியிட்டு, சிரிஞ்சில் நைட்ரைட்டை ஏற்றினேன். கழுத்து நரம்பில் ஊசியைக் குத்தினேன். ஊசியின் வெளிமுனையில் ரத்தம் வந்தது. சிரிஞ்சை ஊசியில் மாட்டப் போனேன். கிருத்திகா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"சார், ஒரு நிமிஷம். ப்ளட் கலர் பாருங்க."

"பாத்தேம்மா, விடு."

"இன்னொரு தடவ பாருங்க சார். ரெட்டா இருக்கா?"

அவள் சிரிஞ்சை விலக்கி, ஒரு வெள்ளைப் பஞ்சை அந்த முனையில் வைத்து எடுத்து என் கண்ணுக்கு நேரே நீட்டினாள். பஞ்சில் இருந்தது காப்பி டிகாக்ஷன். நல்ல அடர்ந்த பழுப்பு.

மருத்துவம் படிக்காதவர்களுக்காக இதை விளக்க வேண்டும். சயனைடு விஷம் என்றால் ரத்தம் வழக்கத்தைவிடப் பளிச்சென்று சிவப்பாக இருக்கும். பழுப்பாக இருந்தால் அது வேறு நஞ்சு, நைட்ரேட். வறட்சிக்குப் பின் மழை கண்ட புல்லில், அதுவும் யூரியா போட்ட புல்லில், அது ஏறிக் கிடக்கும். தின்ற மாட்டின் வயிற்றில் அது நைட்ரைட்டாக மாறி ரத்தத்தைக் கெடுக்கும். என் சிரிஞ்சில் இருந்ததும் நைட்ரைட். அதாவது அந்த மாட்டை எது கொன்றுகொண்டிருந்ததோ, அதையே இன்னும் கொஞ்சம் ஊற்றப் போனேன். என் கையில் இருந்தது மருந்தல்ல, மிச்ச வேலை.

"கண்ணு உள்ள பாத்தேன் சார். அதுவும் பிரவுன்தான்" என்றாள் மெதுவாக. "கீழ விழுந்திருக்கிற புல்லு இந்த இடத்துப் புல்லு இல்ல. தடிமனா, பச்சையா இருக்கு." பிறகு லோகநாயகியிடம் திரும்பினாள். "அக்கா, காத்தால என்ன போட்டீங்க?"

"கால்வா பக்கத்துல தீனிப்புல்லு வெச்சிருக்காங்களே, அங்கேர்ந்து ஒரு கட்டு வாங்கியாந்து போட்டேன். மழைக்கு நல்லா வந்துகீதுன்னாங்க. முந்தாநேத்துதான் யூரியா போட்டாங்களாம். துன்னுட்டுதான் இங்க வந்துச்சுங்க."

நான் டப்பாவைத் திறந்து சிரிஞ்சில் மருந்து ஏற்றிக்கொண்டிருந்தபோது இந்தப் பெண் மாடுகளைச் சுற்றியிருக்கிறாள். பத்தடி தள்ளி ஒன்று, தரையைப் பார்த்து ஒன்று, விலாவில் நின்று ஒன்று. எந்தக் கோமாளியிடம் கற்றாள் என்று உங்களுக்குத் தெரியும்.

அதன் பிறகு நடந்ததை நான் வேடிக்கை பார்த்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். அவள் குரலை உயர்த்தவே இல்லை. "மாரியண்ணா, லேப் பீரோவுல மேல் தட்டுல மெத்திலீன் ப்ளூ பவுடர் இருக்கு. அந்தச் சின்னத் தராசு, டிஸ்டில்டு வாட்டர், வடிகட்டற பேப்பர், எல்லாம் எடுத்துட்டு வாங்க. ஜீப்பு வேணாம், யாராவது பைக் குடுங்க." யாரோ சாவியை எறிந்தார்கள். மாணவன் ஒருவனை நிற்கிற மாடுகளை விரட்டாமல் நிழலுக்கு மெல்ல நடத்தச் சொன்னாள். விரட்டினால் இருக்கிற மூச்சும் போய்விடும். இன்னொருவனைக் கூட்டத்தை விலக்கவைத்தாள். மிச்சப் புல்லை யாரும் வேறு மாட்டுக்குப் போடாதபடி லோகநாயகியின் மகளைக் காவல் வைத்தாள். எந்த மாட்டுக்கு முதலில் ஊசி என்று ஒன்று, இரண்டு, மூன்று எண் சொன்னாள். கடைசியில் என்னைப் பார்த்தாள்.

"சார், நீங்க தலையப் பிடிச்சுக்கறீங்களா?"

முப்பத்தைந்து வருட சர்வீஸ். பிடித்துக்கொண்டேன்.

மெத்திலீன் ப்ளூ என்பது நாங்கள் கண்ணாடித் தகட்டில் கிருமிகளுக்குச் சாயம் ஏற்ற வைத்திருக்கிற நீலப் பொடி. நூறு மில்லிக்கு ஒரு கிராம் என்று ஜீப் பானெட்டின் மேல் நிறுத்து, கலந்து, வடிகட்டினாள். அப்படிச் செய்யக்கூடிய இடமில்லை அது. வேறு வழியும் இல்லை. நரம்பில் மெதுவாக, மிக மெதுவாக ஏற்றினாள். என் கை, சட்டை, மாரியண்ணன் மீசை, எல்லாம் நீலம். முதல் மாடு போய்விட்டது. அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு அடுத்த மாட்டிடம் போனாள். அரை மணி நேரத்தில் என் மடியில் தலை வைத்திருந்த மாடு நீளமாக ஒரு மூச்சு விட்டது. நாலு மாடு பிழைத்தன. அவை நாலைந்து நாள் பச்சையாக மூத்திரம் பெய்ததும், பாலைக் கறந்து கொட்டச் சொன்னதற்கு லோகநாயகி என்னோடு சண்டை போட்டதும் தனிக் கதை.

அந்தச் சிவப்பு டப்பாவை அதற்கு முன்னும் சில தடவை திறந்திருக்கிறேன். சில மாடு பிழைத்தன, சில இல்லை. பிழைக்காதவற்றின் ரத்தம் என்ன நிறம் என்று யோசித்துப் பார்க்கிறேன். ஞாபகம் வரவில்லை. பார்த்திருந்தால்தானே ஞாபகம் வரும்?

ஊருக்கு இதெல்லாம் தெரியாது. மணிக்கட்டைப் பிடித்ததை யாரும் கவனிக்கவில்லை, கவனித்தவர்களுக்குப் புரியவில்லை. "டாக்டர் சார் ஊதா மருந்து போட்டுக் காப்பாத்திட்டாரு" என்று லோகநாயகி லைன் லைனாகச் சொல்லிவிட்டாள். பால் சங்கத்தில் கூட்டம் போட்டு எனக்குச் சால்வை போர்த்தினார்கள். நான் மறுக்கவில்லை. முன் வரிசையில் உட்கார்ந்து கிருத்திகா கைதட்டினாள். அதில் குத்தல் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல். வீட்டுக்கு வரும்போது மாரியண்ணன் கேட்டார்: "சார், சால்வை யாரு அளவுக்கு எடுத்தது? உங்களுக்குக் கொஞ்சம் பெருசா கீதே."

மூன்று மாதம் கழித்து அவளிடமிருந்து போன். வெளிநாட்டில் உதவித்தொகையோடு ஒரு இடம். பண்ணைக் கால்நடை நோய்களில் மேல்பயிற்சி. வீட்டு வசதிக்கு அவளை அனுப்ப அந்த உதவித்தொகை ஒன்றுதான் வழி. தேர்வெல்லாம் தேறிவிட்டாள். களத்தில் மேற்பார்வை செய்த அதிகாரியின் கடிதம் மட்டும் பாக்கி. "பத்து நாள்தான் சார் டைம். நீங்க என்ன எழுதினாலும் ஓகே சார்."

படிவம் வந்தது. அதில் முக்கியமான கேள்வி ஒன்று: 'விண்ணப்பதாரர் இக்கட்டான வேளையில் தலைமை ஏற்றதை, நீங்கள் நேரில் கண்டவாறு விவரிக்கவும்.'

அவளிடம் நான் நேரில் கண்டது அந்த ஒரு காலைதான். அதை எழுதினால் அவளுக்கு இடம் கிடைக்கும். அதை எழுதினால் நான் சிரிஞ்சோடு உட்கார்ந்திருந்ததையும் எழுத வேண்டும். அதற்குக் கீழே என் கையெழுத்து, அரசாங்க முத்திரை. ஓய்வுக்குச் சில மாதம் இருக்கும்போது மேலிடத்துக்குத் தெரிந்தால் விளக்கம் கேட்டு ஓலை வரும். அதையாவது சமாளிக்கலாம். சால்வையை என்ன செய்வது?

ஞாயிற்றுக்கிழமை காலை உட்கார்ந்தேன். முதல் படி: 'என் வழிகாட்டுதலின்கீழ் கிருத்திகா...' என் மனைவி சரோஜா வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள்.

"இன்னாங்க இது, இந்த லெட்டர்ல யாரு ஃபாரின் போறது? அந்தப் பொண்ணா, நீங்களா?"

இரண்டாவது படி: 'நானும் கிருத்திகாவும் கலந்து பேசி...' சரோஜா என் சட்டையைக் கொண்டுவந்து மேஜையில் போட்டாள். கையில் நீலக் கறை போகாத அதே சட்டை. அன்றைக்கு நான் வீட்டுக்கு வந்ததும் நடந்ததையெல்லாம் அவளிடம் உளறித் தொலைத்திருந்தேன்.

மூன்றாவது படியில் எனக்கு ஒரு யுக்தி தோன்றியது. அந்தச் சம்பவத்தையே தொட வேண்டாம். பொய் சொன்ன பாவமும் வேண்டாம். பொதுவாக, மரியாதையாக நாலு வரி. எழுதினேன். எழுதிவிட்டுப் படித்தேன். 'இவர் நேரத்துக்கு வருவார். பிராணிகளிடம்...'

பேனா அங்கேயே நின்றது. முப்பது வருடத்துக்கு முன் கார்பன் நகலில் பார்த்த அதே வரி, இப்போது என் கையெழுத்தில். ஆக, பொறாமைக்காரன் எப்படி எழுதுவான் என்பது எனக்கு மனப்பாடம். பெரிய டாக்டரும் பொறாமையில்தான் எழுதினார் என்று சந்தோஷப்படலாம் என்று பார்த்தேன். பக்கத்திலேயே இன்னொரு நினைப்பும் வந்து நின்றது. அந்த மனிதர் வாழ்நாளில் பார்த்ததைத் தவிர வேறெதுவும் சொன்னவரில்லை. என்னிடம் அவர் பார்த்தது அந்த இரண்டைத்தானா? இந்த இரண்டாவது நினைப்புக்கு முதல் நினைப்பு எவ்வளவோ தேவலை.

நாலாவது படியை ஒரே மூச்சில் எழுதினேன். நினைத்ததை எழுதவில்லை, பார்த்ததை எழுதினேன். சிரிஞ்சில் என்ன இருந்தது, யார் ஏற்றினார், பஞ்சில் என்ன நிறம், யார் யாருடைய கையைப் பிடித்தார், மாட்டின் தலையை யார் பிடித்திருந்தார். முத்திரையை அழுத்திக் குத்தினேன். சரோஜா படித்துவிட்டு, "இது நல்லா கீது. சால்வைய மடிச்சு உள்ள வெச்சுடட்டா?" என்றாள்.

"இருக்கட்டும், குளிர் காலம் வருதில்ல" என்றேன்.

அவளுக்கு இடம் கிடைத்தது. போனாள். எனக்கு ஓலை எதுவும் வரவில்லை. அதிலும் கொஞ்சம் ஏமாற்றம்தான், என் தவறைக்கூட யாரும் பொருட்படுத்தவில்லை. இப்போது கிருத்திகா அங்கே ஒரு பிரிவுக்குத் தலைவி. பல நாட்டு மாணவர்கள் அவளுக்குக் கீழே. போன மாதம் வீடியோவில் கூப்பிட்டாள்.

"சார், ஒரு விஷயம். நம்ம பாலகாட் கேஸ் இங்க சிலபஸ்ல இருக்கு. முதல் வாரமே அதைத்தான் எடுக்கறேன். சீனியர் தப்பு பண்ணா ஜூனியர் எப்படிச் சொல்லணும், சீனியர் எப்படிக் கேட்டுக்கணும்னு. எல்லா நாட்டுப் பசங்களுக்கும் பாலகாட் எங்க இருக்குன்னு இப்ப தெரியும் சார்."

நானும் என் பாஸ்போர்ட்டும் இங்கே இருக்க, என் தவறு மட்டும் விசா இல்லாமல் கடல் தாண்டி, வருடா வருடம் கண்ணாடிக் கட்டடத்தில் பேராசிரியர்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறது!

"என் பேரச் சொல்லுவியாம்மா?"

"ஐயோ இல்ல சார், கவலையே படாதீங்க. 'அனுபவமுள்ள ஒரு மருத்துவர்'னு மட்டும்தான் போட்டிருக்கேன்."

"ஏம்மா, பேர் போட்டா இன்னா கெட்டுப்போகுது?"

திரையில் அவள் தலையைக் குனிந்துகொண்டாள். வழக்கம்போல யோசிக்கிறாள் என்று நினைத்தேன். பார்த்தால் சிரித்துக்கொண்டிருந்தாள். பெயர் போட வேண்டுமென்றால் எழுத்து மூலம் சம்மதம் வேண்டுமாம். படிவம் அனுப்பினாள். பெயர், ஊர், படிப்பு எல்லாம் நிரப்பினேன். கடைசியில் ஒரு கட்டம்: 'இந்த நிகழ்வில் உங்கள் பங்கு'.

சரோஜா பின்னால் வந்து நின்றாள். நான் பார்த்ததை மட்டும் எழுதினேன்.

'நேரத்துக்கு வந்திருந்தேன்.'